அத்தியாயத்தைப் பேர் சொல்லி நகர்த்திறது

ஒரு முழு அத்தியாயம். தலைப்பு, அதுக்குள்ள உபதலைப்புகள், படங்கள், அடிக்குறிப்புகள் எல்லாம் சேர்த்து.

இடப்பக்கத்துப் பட்டியலில அதின்ர பேரை மட்டும் மவுசால அமத்திப் பிடிச்சன். கீழ இழுத்தன். விட்டன்.

முன்னுக்கு நிண்ட அத்தியாயம் முழுசாப் பின்னுக்குப் போட்டுது. அடிக்குறிப்பு இலக்கங்கள் தாங்களாவே புது வரிசைக்கு மாறி நிக்குது. பெரியப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து பாத்தார்.

"பிள்ளை, ஒண்டும் துலையேல்லையோ?"

"ஒண்டும் துலையேல்ல பெரியப்பா."

"அப்ப இன்னொருக்கா மாத்திப் பாப்பம்."

இந்த "இன்னொருக்கா மாத்திப் பாப்பம்" எண்ட சொல்லுக்காகத்தான் இண்டைக்கு இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும். தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

பெரியப்பா வீடு சிட்னியில, டூங்கபி ஸ்டேஷனிலயிருந்து நடந்து போற தூரம். ஊரில தமிழ் வாத்தியாரா இருந்தவர். கனகாலமா யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்கட ஊர் மானிப்பாயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிறார். மருதடிப் பிள்ளையார் கோயில், அமெரிக்க மிஷன், 1842 இல அங்க அச்சடிச்ச அகராதி, கிறீன் வைத்தியர், 1910 இல தொடங்கின இந்துக் கல்லூரி, கிணறுகள், தோட்டங்கள், 95 இடப்பெயர்வு, பிறகு நாங்கள் உலகம் முழுக்கச் சிதறின கதை. எல்லாம் ஒரே வேர்ட் ஃபைலில. இருநூறு பக்கத்துக்கு மேல.

இப்பிடி ஒரு ஃபைல் இந்தப் பக்கம் கனபேற்ற வீட்டில இருக்கு. பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில், கிராவீன், வெஸ்ட்மீட்... எங்க போனாலும் ஒரு அப்பாவோ மாமாவோ ஊர்க் கதையைத் தட்டிக்கொண்டிருப்பார். எழுதத் துவங்கிறவை கனபேர். புத்தகமா வெளிய வாறது கொஞ்சம்தான். வயசும் சுகமின்மையும் ஒரு காரணம், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு காரணத்தை நான் இந்த மாதம்தான் கண்ணால கண்டன். ஃபைல் ஒரு அளவுக்கு மேல நீண்டால் அதைத் தொடவே பயம் வந்திடுது. ஒரு பகுதியை வெட்டி இன்னொரு இடத்தில ஒட்டினால் எங்க என்ன உடையுமோ எண்ட பயம். அதால முதல் எழுதின வரிசையே கடைசி மட்டும் நிண்டிடுது.

பெரியப்பாட ஃபைலும் அப்பிடித்தான் இருந்தது. அவர் முதல் முதல் எழுதினது 1995 ஒக்டோபர் 30. சண்டையால வலிகாமத்துச் சனம் ஒரே இரவில வெளிக்கிட்டு, மழைக்குள்ள, செம்மணி வீதியாலயும் நாவற்குழிப் பாலத்தாலயும் தென்மராட்சிப் பக்கம் போன நாள். மனசில எது கூட எரிஞ்சுதோ அது முதல் வந்திது. பிறகு கோயில். பிறகு அகராதி. பிறகு ஞாபகம் வர வர ஒவ்வொண்டா.

சரி, வரிசையை மாத்துவம் எண்டு நேவிகேஷன் பேனைத் திறந்தன். (வேர்டில வியூ எண்டதுக்குள்ள போனால் நேவிகேஷன் பேன் எண்டு ஒரு பெட்டி இருக்கும், அதில சரி போடுங்கோ. இடப்பக்கத்தில ஒரு பட்டியல் வரும்.) பட்டியல் வெறுமை. ஒரு தலைப்பும் இல்லை.

ஏனெண்டால் வேர்டுக்குத் தலைப்பு எண்டால் என்னெண்டு நாங்கள் சொல்லவேணும். எழுத்தைப் பெரிசாக்கி, தடிப்பாக்கி, நடுவில வைச்சு, கீழ ஒரு கோடும் போட்டால் எங்கட கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது பெரிய எழுத்தில இருக்கிற இன்னொரு பந்தி, வேற ஒண்டுமில்லை. ஹோம் பக்கத்தில இருக்கிற ஸ்டைல் வரிசையில ஹெடிங் 1, ஹெடிங் 2 எண்டு இருக்கே, அதைக் குடுத்தால்தான் அதுக்கு விளங்கும்: இது ஒரு பகுதியின்ர தொடக்கம், அடுத்த தலைப்பு வாற மட்டும் கீழ உள்ளதெல்லாம் இதுக்குச் சொந்தம்.

ஒரு தலைப்பில கர்சரை வைச்சுக் கொன்ட்ரோல், ஓல்ட், 1 மூண்டையும் சேர்த்து அமத்தினன். ஹெடிங் 1 ஆகீட்டுது. பட்டியலில ஒரு வரி வந்திது.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு வரி.

ஈழத் தமிழ் ஆக்களுக்கு இப்ப விளங்கியிருக்கும். பாமினி!

எங்கட பெரியாக்கள் தட்டினதில பெரும்பங்கு பாமினி ஃபொன்டில. அது யூனிகோட் இல்லை. உள்ளுக்குச் சேமிக்கிறது ஆங்கில எழுத்து, மேல தெரியிற உருவம் மட்டும் தமிழ். புள்ளி வைக்கிற இடமெல்லாம் உள்ளுக்கு அரைப்புள்ளி. பக்கத்தில பாமினி ஃபொன்ட் போட்டிருக்கிறதால வடிவான தமிழாத் தெரியும். நேவிகேஷன் பேன் தன்ர சொந்த ஃபொன்டில காட்டும், அங்க போனவுடன உள்ளுக்குக் கிடக்கிறது வெளிய தெரிஞ்சிடும். எது கோயில், எது ஆஸ்பத்திரி எண்டு தெரியாமல் எதைப் பிடிச்சு எங்க இழுக்கிறது?

ஆக முதல் வேலை பாமினியை யூனிகோடுக்கு மாத்திறது. மாத்தித் தாற பக்கங்கள் இணையத்தில கனக்க இருக்கு. ஆனால் வெறும் எழுத்தை எடுத்து மாத்திற கருவிகளில இரண்டு கரைச்சல்.

ஒண்டு, நடுவில வாற ஆங்கிலச் சொல்லையும் பாமினி எண்டு நினைச்சு மாத்திப்போடும். ஆங்கிலத்தில எழுதியிருந்த மிஷனரிமாரின்ர பேரெல்லாம் வாயில நுழையாத ஏதோ தமிழா வந்திது. அந்தப் பேருகளை முதலே ஒரு தாளில எழுதி வையுங்கோ, பிறகு திரும்பப் போடலாம்.

மற்றது, தடிப்பு, அளவு, கோடு எல்லாம் போயிடும். எது தலைப்பு எது பந்தி எண்டு தெரியாது. இதுக்கு எனக்குப் பிடிச்ச ஒரு வழி வந்திது, அதை விரிவாச் சொல்லுறன். பாமினியில இலக்கங்கள் இலக்கங்களாவே இருக்கும், மாத்தினாலும் மாறாது. அதால மாத்த முதல், பெரிய தலைப்பு ஒவ்வொண்டுக்கும் முன்னால 777 எண்டு தட்டினன். உபதலைப்புக்கு 888. பிறகு மாத்தி, புது ஃபைலில ஒட்டி, ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, தேடிற இடத்தில 777 எண்டு போட்டு, மாத்திற இடத்தில எழுத்து ஒண்டும் போடாமல், ஃபோர்மற்றில ஹெடிங் 1 ஸ்டைலை மட்டும் குடுத்தன். எல்லாப் பெரிய தலைப்பும் ஒரே அடியில ஹெடிங் 1. அதே மாதிரி 888 க்கு ஹெடிங் 2. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டியிலயிருந்து ஸ்டைலை எடுத்திட்டு இன்னொருக்கா ரீப்ளேஸ் போட்டு அந்த இலக்கங்களை அழிச்சுவிட்டால் சரி. (உங்கட ஃபைல் ஏற்கெனவே யூனிகோட் எண்டால் இன்னும் சுகம். ஒரு தலைப்பைத் தெரிவு செய்து, ஹோம் பக்கத்துச் செலெக்ட் எண்டதுக்குள்ள, இதே மாதிரி வடிவத்தில உள்ள எல்லாத்தையும் தெரிவு செய் எண்டு ஒண்டு இருக்கு. ஒரே அடியில எல்லாம் பிடிபடும். எல்லாத் தலைப்பையும் ஒரே அளவில போட்டிருக்கவேணும், அவ்வளவுதான்.)

பெரியப்பாவுக்கு ஒரு கவலை. "அப்ப நான் திரும்பவும் தட்டப் பழகோணுமோ?" தேவையில்லை. யூனிகோடில எழுதினாலும் பாமினிக் கீபோர்ட் முறையிலயே தட்டலாம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இரண்டிலயும் அது இருக்கு. அவற்ற விரலுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

தலைப்பின்ர ஃபொன்டை மாத்தினால் மாறுதில்லை எண்டு கனபேர் சொல்லுவினம். அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. வேர்ட் தமிழைக் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எண்ட வகையில வைச்சிருக்கு, அரபு, ஹிந்தி மாதிரி. ஸ்டைலை மாத்தேக்க ஃபொன்ட் பெட்டியில அதுக்கெண்டு தனி இடம் இருக்கும். ஃபொன்ட், அளவு, தடிப்பு மூண்டையும் அங்க குடுக்கவேணும். மேல உள்ள இடத்தில குடுத்தால் ஆங்கில எழுத்து மட்டும் மாறும். (அந்தத் தனி இடமே தெரியேல்ல எண்டால், ஓபிஸ் மொழி அமைப்பில தமிழைச் சேருங்கோ. வரும்.)

இவ்வளவும் முடிய, இடப்பக்கத்தில வடிவான தமிழில ஒரு பட்டியல் நிண்டுது. 95 இடப்பெயர்வு. மருதடிப் பிள்ளையார். அமெரிக்க மிஷன். அகராதி. கிறீன் வைத்தியர். இந்துக் கல்லூரி...

பெரியப்பா அதைப் பாத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தவர். தான் எழுதின புத்தகம் முழுக்க ஒரே பார்வையில அவருக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது.

இனித்தான் ருசியான பகுதி.

முதல் கேள்வி கிறீன் வைத்தியர். சாமுவேல் கிறீன் 1847 இல அமெரிக்காவிலயிருந்து வந்தவர். மானிப்பாயில இருந்துகொண்டு எங்கட பெடியளுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பிச்சவர், பிறகு தமிழிலயே படிப்பிச்சு, மருத்துவ நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பெரியப்பா அவரை அமெரிக்க மிஷன் எண்ட அத்தியாயத்துக்குள்ள ஒரு உபதலைப்பா வைச்சிருந்தார். வந்தது மிஷனாலதான், சரி. ஆனால் மானிப்பாய் ஆஸ்பத்திரி இண்டைக்கும் அவற்ற பேரிலதான் நிக்குது. அவரிட்டைப் படிச்சவை எங்கட ஊர் ஆக்கள். அப்ப அவர் மிஷன் கதையின்ர ஒரு கிளையோ, ஊர்க் கதையின்ர ஒரு அத்தியாயமோ?

இதை இரண்டு விதமாயும் வைச்சுப் பாக்கிறதுக்குத் தேவைப்பட்டது ஒரு கீ அடிதான். தலைப்பில கர்சரை வைச்சு ஓல்ட், ஷிப்ட், இடப்பக்க அம்புக்குறி. ஹெடிங் 2 மேல ஏறி ஹெடிங் 1 ஆகும். வலப்பக்க அம்புக்குறி, திரும்பக் கீழ இறங்கும். (பட்டியலில தலைப்பின்ர மேல ரைட் கிளிக் பண்ணினால் புரொமோட், டிமோட் எண்டும் இருக்கு.) மேல ஏத்தி வாசிச்சம். இறக்கி வாசிச்சம். கடைசியில கிறீன் தனி அத்தியாயம். அகராதியும் மிஷனுக்குள்ளயிருந்து வெளிய வந்து தனியா நிக்குது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேல சொல் இருக்கிற அகராதி, அதுக்கு அந்த மரியாதை வேணும் எண்டது பெரியப்பாட தீர்ப்பு. எனக்கும் அது முழுச் சம்மதம்.

பெரியப்பா அப்பத்தான் பரிமேலழகரை இழுத்தார். (தமிழ் வாத்தியார் எல்லோ.) திருக்குறள் உரையில பரிமேலழகர் ஒவ்வொரு அதிகாரத்தையும் துவங்கேக்க, இது ஏன் முன்னதுக்குப் பின்னால வருகுது எண்டு சொல்லித்தான் துவங்குவார். அதிகார முறைமை எண்டு சொல்லுறது. 133 அதிகாரத்துக்கும் வரிசைக்கு ஒரு நியாயம் தேடின மனுசன். இன்னொரு உரையாசிரியர் மணக்குடவர் வைச்ச வரிசையும் இவர் வைச்ச வரிசையும் எல்லா இடத்திலயும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் அதே குறள், அதே தலைப்பு, வரிசை வேற. வரிசை வேற எண்டால் ஒண்டுக்கும் மற்றதுக்கும் உள்ள தொடர்பும் வேற.

"நீயும் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழ, இது ஏன் இஞ்ச வருகுது எண்டு எனக்கு ஒரு வரி எழுதித் தா பிள்ளை. எழுத ஏலாட்டி அது பிழையான இடம்."

இதைவிட நல்ல எடிட்டிங் பாடம் நான் எங்கயும் கேக்கேல்ல. உண்மையாவே எழுதிப் பாத்தம். கிணறுகள் எண்ட அத்தியாயத்துக்கு அது நிண்ட இடத்தில ஒரு நியாயமும் எழுத வரேல்ல. தோட்டங்களுக்கு முன்னால கொண்டுபோய் வைச்சவுடன வரி தானா வந்திது: தண்ணி முதல், பயிர் பிறகு.

இப்ப அந்த 95.

அது முதல் அத்தியாயமா இருக்கேக்க, வாசிக்கிற ஆளுக்கு மானிப்பாயைத் தெரியாது. தெரியாத ஊரைவிட்டுத் தெரியாத சனம் போகுது. பாவம் எண்டு நினைக்கலாம், அவ்வளவுதான். அதை இழுத்துக் கோயில், அகராதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிணறு எல்லாத்துக்கும் பிறகு வைச்சு நான் வாசிச்சன். ஒரு எழுத்தும் மாத்தேல்ல. ஆனால் இந்த முறை அந்தச் சனம் என்னத்தை விட்டிட்டுப் போகுது எண்டு எனக்கு முழுக்கத் தெரியும். சித்திரை வருசத்துக்குத் தேர் ஓடிற வீதி தெரியும். அந்த வீதியால அவை போகேக்க என்னால தொடர்ந்து வாசிக்க ஏலாமல் போட்டுது.

பெரியப்பாவுக்கு இன்னொரு யோசினை. "இதை ஊர்க் கதையின்ர கடைசியில வைச்சால் ஊர் அதோட முடிஞ்ச மாதிரி எல்லோ இருக்கு. சனம் 96 இல திரும்பிப் போனது. ஊர் இருக்கு."

திரும்பிப் போனவை எண்டு இடப்பெயர்வுக்குள்ள ஒரு உபதலைப்பு இருந்தது. அதை மேல ஏத்தி ஹெடிங் 1 ஆக்கினார், தானே, தன்ர கையால. ஏத்தினாப் பிறகு பாத்தால் அந்த அத்தியாயத்தில ஒண்டரைப் பக்கம்தான் இருக்கு. மற்ற எல்லாம் இருபது, முப்பது பக்கம். உபதலைப்பா இருந்த வரைக்கும் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியேல்ல. இப்ப அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஊருக்குப் போன் எடுத்து, 96 இல ஆர் முதல் வந்தது, எந்த வீட்டுக்குக் கூரை இல்லை, பள்ளிக்கூடம் எப்பிடித் திரும்பத் துவங்கினது எண்டு கேட்டுக் கேட்டு எழுதிறார். அம்பது வருசத்துக்குப் பிறகு ஆரும் தேடி வாசிக்கப்போறது அந்த அத்தியாயமாத்தான் இருக்கும் எண்டு நான் நம்பிறன்.

கொஞ்சம் விலகிப் போறன். இந்தத் தலைப்பைப் பிடிச்சு நகர்த்திற யோசினை புதுசில்லை. 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கல்பார்ட் எண்டவர் ஒண்டரை மணித்தியாலம் ஒரு கொம்பியூட்டரை மேடையில இயக்கிக் காட்டினார். மவுசை ஊர் உலகத்துக்கு முதல் காட்டினது அண்டைக்குத்தான். அதே மேடையில அவர் ஒரு கடைச் சாமான் பட்டியலை எடுத்து, வகை பிரிச்சு, தலைப்புக்குள்ள மடிச்சு, விரிச்சு, இடம் மாத்திக் காட்டினவர். மவுசும் பட்டியலை நகர்த்திறதும் ஒரே நாளில மேடை ஏறின விசயங்கள். வேர்டில இடப்பக்கத்தில பிடிச்சு இழுக்கிற வசதி வரவோ 2010 பதிப்பு ஆச்சு.

சரி, நீங்களும் செய்யப்போறீங்கள் எண்டால் கவனிக்கவேண்டியதுகளைச் சொல்லுறன்.

இழுக்க முதல் பட்டியலில ரைட் கிளிக் பண்ணி, ஷோ ஹெடிங் லெவல்ஸ் எண்டதில 1 ஐ மட்டும் தெரிவு செய்யுங்கோ. எல்லாம் விரிஞ்சு கிடக்கேக்க இழுத்தால், ஒரு அத்தியாயம் இன்னொரு அத்தியாயத்தின்ர நடுவில போய் விழும். அதுக்குக் கீழ இருக்கிற உபதலைப்புகள் புதுசா வந்ததின்ர பிள்ளைகள் ஆகீடும். மருதடிப் பிள்ளையாரின்ர திருவிழாக்கள் எல்லாம் இந்துக் கல்லூரிக்குள்ள போய் நிண்டது இப்பிடித்தான். (கொன்ட்ரோல் இசட். உடன திரும்பி வந்திட்டுது.)

கை நடுங்கிற ஆக்களுக்கு மவுசால இழுக்கிறது கஷ்டம். பெரியப்பாவுக்கும்தான். அவையளுக்கு அவுட்லைன் வியூ. வியூவுக்குள்ள அவுட்லைனைத் தெரிவு செய்து, லெவல் 1 மட்டும் காட்டச் சொல்லிப்போட்டு, தலைப்பில கர்சரை வைச்சு ஓல்ட், ஷிப்ட், மேல் அம்புக்குறி. ஒரு அடிக்கு ஒரு படி மேல போகும். கீழ் அம்புக்குறிக்குக் கீழ வரும். அவர் இப்ப இதிலதான் முழு வேலையும் செய்யிறார், என்னைக் கூப்பிடுறதே இல்லை.

புதுப் பக்கம் வரவேணும் எண்டதுக்காக என்டரை அடிச்சு அடிச்சுத் தள்ளாதேங்கோ. பகுதி நகரேக்க அந்த வெறும் வரிகளும் கூடப் போய் எங்கையாவது பாதிப் பக்கத்தை வெறுமையா விடும். ஹெடிங் 1 ஸ்டைலிலயே பேஜ் பிரேக் பிபோர் எண்டதைப் போட்டால், எங்க கொண்டுபோய் வைச்சாலும் அத்தியாயம் புதுப் பக்கத்தில துவங்கும்.

படங்களை இன் லைன் வித் டெக்ஸ்ட் எண்டு வையுங்கோ, பந்தியோட சேர்ந்து போகும். அட்டவணைக்குள்ள தலைப்பு வைச்சால் பட்டியலில வராது, வெளிய எடுங்கோ. டிராக் சேஞ்சஸ் போட்டுக்கொண்டு அத்தியாயத்தை நகர்த்தினால் முழு அத்தியாயமும் நிறம் மாறி நிக்கும், பிறகு சின்னத் திருத்தம் ஒண்டும் கண்ணில படாது. நகர்த்தி முடிச்சுப்போட்டுத் திருத்தத் துவங்குங்கோ.

வேர்டால செய்ய ஏலாத ஒரு வேலை இருக்கு. "மேலே கூறியது போல", "முன்னர் பார்த்தோம்", "அடுத்த அத்தியாயத்தில்" எண்டு எழுதியிருப்பம் எல்லோ. இடம் மாறினாப் பிறகு அதெல்லாம் பொய்யாப் போகும். மேலே, முன்னர், அடுத்த எண்ட சொற்களை ஒவ்வொண்டாத் தேடி, ஒவ்வொரு இடமா நிண்டு வாசிச்சுத் திருத்தவேணும். மினக்கெட்ட வேலைதான். ஆனால் எனக்குப் பிடிச்சிருந்தது. இந்தச் சாட்டில புத்தகம் முழுக்க இன்னொருக்கா வாசிச்சு முடிஞ்சுது.

எல்லாம் முடிய, பொருளடக்கத்தில கர்சரை வைச்சு எப் 9. தலைப்பும் பக்கமும் புதுசா வரும். பி.டி.எஃப். ஆக்கேக்க ஒப்ஷன்ஸுக்குள்ள போய், ஹெடிங்கை வைச்சு புக்மார்க் செய் எண்டதையும் தெரிவு செய்யுங்கோ. அப்பிடிச் செய்தால் பி.டி.எஃப். இலயும் அதே பட்டியல் இடப்பக்கத்தில நிக்கும். எங்கட ஊர் மலர்களையும் நினைவு மலர்களையும் புத்தகங்களையும் நூலகம் திட்டம் 2005 இலயிருந்து இணையத்தில சேர்த்து வருகுது. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைக் கண்ட ஆக்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அங்க போற ஃபைல், யூனிகோடில, தலைப்போட, தேடினால் பிடிபடக்கூடிய மாதிரிப் போகட்டும்.

இன்னும் ஒரு வழக்கு முடியேல்ல. டூங்கபி.

கடைசி அத்தியாயம் அதுதான், நாங்கள் இஞ்ச வந்த கதை. பெரியப்பா அதை 1791 இல துவங்கியிருந்தார். அந்த வருசம்தான் இஞ்ச அரசாங்கப் பண்ணை போட்டு, கைதிகளைக் கொண்டு காடு வெட்டுவிச்சது. பிறகு அவரே இந்த மண்ணின்ர ஆதிக்குடிகளான தருக் மக்களைப் பற்றின பகுதியைத் தூக்கி அதுக்கு முன்னால வைச்சார். "மானிப்பாயை மிஷனில துவங்க நான் விடேல்ல, டூங்கபியைப் பண்ணையில துவங்கலாமோ?" அது சரியா இருக்கு.

வழக்கு என்னெண்டால், இந்த அத்தியாயம் திரும்பிப் போனவைக்கு முன்னுக்கோ பின்னுக்கோ? காலத்தைப் பாத்தால் பின்னுக்கு. பெரியம்மா முன்னுக்கு எண்டு நிக்கிறா, புத்தகம் ஊரிலதான் முடியவேணுமாம். பெரியப்பா பின்னுக்கு எண்டு நிக்கிறார், பேரப்பிள்ளையள் தங்கட இடத்தையும் கடைசியாக் காணவேணுமாம். நான் பெரியம்மா பக்கம். இப்போதைக்கு இரண்டு வரிசையிலயும் இரண்டு பி.டி.எஃப். ஆக்கி, வீட்டில எல்லாருக்கும் வாசிக்கக் குடுத்திருக்கிறம்.